எக்ஸ்எஸ்எல்டி ஏன் மெதுவாகிறது? ஒரு வரிக்குப் பின்னால் இருக்கும் நடை

எக்ஸ்எம்எல் கோப்புகளோடு வேலை செய்கிறவர்களிடம் பேசினால் ஒரு பேச்சு கட்டாயம் காதில் விழும்: "எக்ஸ்எஸ்எல்டி ரொம்ப மெதுவு, அதை விட்டுவிட்டு வேறு ஏதாவது எழுதிவிடலாம்." சொல்பவர் பொய் சொல்லவில்லை. அவருடைய வேலை உண்மையிலேயே அவ்வளவு நேரம் ஓடியிருக்கும். ஆனால் அதற்குக் காரணம் என்று அவர் நினைப்பது பெரும்பாலும் காரணமாக இருப்பதில்லை. கோப்பு பெரியது, மொழி பழையது, நினைவகம் போதாது என்று எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து பேசிவிடுகிறோம். நினைவகத்தைக் கூட்டிய பிறகும் அதே நேரம் ஓடுவதைப் பார்த்தால் குழப்பம் இன்னும் கூடுகிறது.

அந்தக் குழப்பத்தைப் பிரித்துப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை. நிரல் எழுதிக் கொஞ்சம் பழக்கம் இருந்தால் போதும். எக்ஸ்எஸ்எல்டி தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை.

## முதலில், இது செய்யும் வேலை என்ன?

எக்ஸ்எம்எல் என்பது தகவலை டேக்குகளுக்குள் பொதிந்து வைக்கும் முறை. ஒரு டேக்குக்குள் இன்னொன்று, அதற்குள் வேறொன்று என்று போவதால் மொத்தக் கோப்பும் ஒரு குடும்ப மரம் போல அமைந்துவிடும். பெற்றோர் உண்டு, பிள்ளைகள் உண்டு, உடன்பிறப்புகள் உண்டு. இந்த மரத்தில் இருக்கும் ஒவ்வொரு டேக்கையும், அதன் பண்பையும், உள்ளே இருக்கும் எழுத்துத் துண்டையும் பொதுவாகக் 'கணு' என்பார்கள்.

எக்ஸ்எஸ்எல்டி ஒரு மரத்தை வாங்கி இன்னொரு வடிவமாக மாற்றித் தருகிற மொழி. அந்த வடிவம் வலைப்பக்கமாக இருக்கலாம், வெறும் உரையாக இருக்கலாம், வேறொரு எக்ஸ்எம்எல்லாகவும் இருக்கலாம். வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு இதன் முதல் பதிப்பை 1999 நவம்பரில் வெளியிட்டது. இரண்டாம் பதிப்பு 2007இலும் மூன்றாம் பதிப்பு 2017இலும் வந்தன. "இந்த மாதிரிக் கணுவைக் கண்டால் இப்படி எழுது" என்று சொல்லும் ஒரு விதிக்கு 'டெம்ப்ளேட்' என்று பெயர். அந்த விதிகளின் தொகுப்பு 'ஸ்டைல்ஷீட்'. மரத்துக்குள் ஒரு கணு எங்கே இருக்கிறது என்று குறிக்கும் முகவரி மொழி 'எக்ஸ்பாத்'. இவற்றைப் படித்து வேலையை நடத்தும் மென்பொருளை இங்கே 'எஞ்சின்' என்று சொல்கிறேன். சாக்ஸன், லிப்எக்ஸ்எஸ்எல்டி ஆகிய இரண்டும் பரவலாகப் பயன்படும் எஞ்சின்கள்.

இனி முக்கியமான இடம். எக்ஸ்எஸ்எல்டியில் நமக்கு என்ன வேண்டும் என்று மட்டும்தான் சொல்கிறோம். அதை எப்படித் தேடுவது என்பதை எஞ்சினிடம் விட்டுவிடுகிறோம். எழுதுவதற்கு இது பெரிய வசதி. ஆனால் ஒரு சின்ன வரியை நிறைவேற்ற எஞ்சின் மரத்துக்குள் எவ்வளவு தூரம் நடந்தது என்பது நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. வேகத்தைப் பற்றிய ஏறக்குறைய எல்லாத் தவறான பேச்சும் இந்த ஒரு மறைவிலிருந்துதான் வருகிறது.

## நேரம் மூன்று இடங்களில் போகிறது

ஒரு புதிய விளையாட்டை ஆடப் போகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் விதிப் புத்தகத்தைப் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும். அப்புறம் பலகையில் காய்களை அடுக்க வேண்டும். அதன் பிறகுதான் ஆட்டம்.

எக்ஸ்எஸ்எல்டியிலும் அதே மூன்று கட்டங்கள். ஸ்டைல்ஷீட்டைப் படித்து எஞ்சின் தனக்கு ஏற்ற வடிவமாக்கிக்கொள்வது முதல் கட்டம். இதற்குக் கம்பைல் செய்தல் என்று பெயர். தகவல் கோப்பைப் படித்து நினைவகத்தில் மரமாகக் கட்டுவது இரண்டாவது. இந்தப் படிக்கும் வேலையைச் செய்யும் பகுதி 'பார்சர்'. விதிகளை மரத்தின் மேல் ஓட்டுவது மூன்றாவது, அதுதான் உண்மையான மாற்றம்.

"மெதுவாக ஓடுகிறது" என்று யாராவது சொன்னால் நான் கேட்கும் முதல் கேள்வி, இந்த மூன்றில் எது என்பதுதான். ஒரு வலைச் சேவையில் ஆயிரம் சின்னக் கோப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன, ஒவ்வொன்றுக்கும் ஸ்டைல்ஷீட்டைப் புதிதாகக் கம்பைல் செய்கிறார்கள் என்றால், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் விதிப் புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை வாசிப்பதாக அர்த்தம். மாற்றம் நொடியின் சிறு பகுதியில் முடிந்துவிடும், நேரம் முழுவதும் கம்பைலுக்கே போகும். தீர்வு எளிது: ஒருமுறை கம்பைல் செய்து வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் பயன்படுத்த வேண்டும். ஜாவாவில் இதற்கென்றே 'டெம்ப்ளேட்ஸ்' என்ற பொருள் இருக்கிறது. பல த்ரெட்கள் ஒரே நேரத்தில் அதைப் பகிர்ந்துகொள்ளலாம். அதிலிருந்து உருவாகும் 'ட்ரான்ஸ்ஃபார்மர்' பொருளை மட்டும் அப்படிப் பகிரக் கூடாது, ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியாக எடுக்க வேண்டும். இந்த இரண்டையும் மாற்றிப் புரிந்துகொண்டு, எப்போதாவது மட்டும் தலைகாட்டும் விசித்திரமான பிழைகளில் மாட்டியவர்கள் பலர்.

சுருக்கமாக: சின்னக் கோப்புகள் நிறைய என்றால் கம்பைலைப் பாருங்கள். பெரிய கோப்பு ஒன்று என்றால் மரம் கட்டுவதையும் மாற்றத்தையும் பாருங்கள். இனி வருவது பெரும்பாலும் மாற்றத்தைப் பற்றியது, ஏனென்றால் நாம் அறியாமல் செய்யும் தவறுகள் அங்கேதான் குவிந்திருக்கின்றன.

## இரட்டைச் சாய்கோட்டின் விலை

எக்ஸ்எம்எல்லில் டேக்குகளின் பெயரைத் தமிழிலேயே வைக்கலாம். அதனால் ஓர் உதாரணத்தைத் தமிழிலேயே பார்ப்போம். ஒரு நூல் பட்டியல் இருக்கிறது. அதில் 'ஆசிரியர்கள்' என்ற கிளைக்குள் 5,000 ஆசிரியர்கள், 'நூல்கள்' என்ற கிளைக்குள் 20,000 நூல்கள். ஒவ்வொரு நூலிலும் ஆசிரியரின் எண் மட்டும்தான் இருக்கிறது, பெயர் இல்லை. நூலை அச்சிடும்போது பெயரைத் தேடி எடுக்க வேண்டும். மரத்தில் மொத்தம் 2 லட்சம் கணுக்கள் என்று வைத்துக்கொள்வோம்.

புதிதாக எழுதுகிறவர் நூலுக்கான டெம்ப்ளேட்டில் இப்படித்தான் எழுதுவார்:

//ஆசிரியர்[@எண் = $தேடும்எண்]

சதுர அடைப்புக்குள் இருப்பது நிபந்தனை: 'எண்' என்ற பண்பு நாம் தேடும் எண்ணாக இருக்க வேண்டும். முன்னால் இருக்கும் இரட்டைச் சாய்கோட்டுக்கு "மரத்தில் எங்கே இருந்தாலும் சரி" என்று பொருள். சொல்ல வசதியாக இருக்கிறது. ஆனால் எங்கே இருந்தாலும் சரி என்றால் எல்லா இடத்திலும் பார்த்தாக வேண்டும். வீட்டில் சாவி எங்கே என்று கேட்டால் "எங்கேயாவது இருக்கும், தேடு" என்று சொல்வது போலத்தான். எந்த உதவியும் இல்லாத எஞ்சின் வேரிலிருந்து தொடங்கி எல்லா நூல்களுக்குள்ளும், அவற்றின் தலைப்புக்குள்ளும், ஆண்டுக்குள்ளும் நுழைந்து பார்த்துவிட்டு வரும். ஒரு நூலுக்கு 2 லட்சம் கணுக்கள். நூல்கள் 20,000. பெருக்கினால் 400 கோடி.

இப்போது முகவரியை முழுதாகச் சொல்லுவோம்:

/பட்டியல்/ஆசிரியர்கள்/ஆசிரியர்[@எண் = $தேடும்எண்]

நூல்கள் இருக்கும் கிளைப் பக்கமே எஞ்சின் போகாது. ஒரு நூலுக்கு 5,000 ஆசிரியர்களை மட்டும் பார்க்கும். மொத்தம் 10 கோடி. இரண்டு சொற்களைக் கூடுதலாகத் தட்டச்சு செய்ததற்கு வேலை நாற்பதில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது.

இங்கே ஒரு சிறு குறிப்பு. டெம்ப்ளேட்டின் தலையில், "எந்தக் கணுவுக்கு இந்த விதி" என்று சொல்லும் இடத்தில், இதே இரட்டைச் சாய்கோடு வந்தால் அது மரத்தைத் தேட வைக்காது. அங்கே எஞ்சின் கையில் ஒரு கணு ஏற்கனவே இருக்கிறது, அது பொருந்துகிறதா என்று மட்டும்தான் பார்க்கிறது. இரட்டைச் சாய்கோடு என்றாலே தப்பு என்று நினைத்து அங்கே போய்த் திருத்திக்கொண்டிருக்க வேண்டாம்.

## கீ: புத்தகத்தின் கடைசிப் பக்கங்கள்

10 கோடியும் பெரிய எண்தான். அதைக் குறைக்க வழி ஒவ்வொரு பெரிய பாடநூலின் கடைசியிலும் இருக்கிறது: சொல்லடைவு. ஒரு சொல் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று அறிய யாரும் புத்தகத்தை முதலிலிருந்து புரட்டுவதில்லை. கடைசிக்குப் போய் அகர வரிசையில் பார்த்து, நேராக அந்தப் பக்கத்துக்குப் போகிறோம். சொல்லடைவைத் தயாரிக்க யாரோ ஒருவர் ஒருமுறை முழுப் புத்தகத்தையும் படித்திருப்பார். அந்த ஒருமுறை உழைப்பு, பிறகு தேடும் எல்லோருக்கும் பயன்படுகிறது.

எக்ஸ்எஸ்எல்டியில் இந்தச் சொல்லடைவுக்குப் பெயர் 'கீ'. ஸ்டைல்ஷீட்டின் மேல்மட்டத்தில் ஒரே ஒரு வரியில் அறிவிக்க வேண்டும்: இந்தக் கீயின் பெயர் இது, ஆசிரியர் கணுக்களைச் சேர்த்து வை, ஒவ்வொன்றையும் அதன் எண்ணைக் கொண்டு அடையாளம் காண். பிறகு நூலுக்கான டெம்ப்ளேட்டில், 'கீ' என்ற ஃபங்க்ஷனிடம் அந்தக் கீயின் பெயரையும் எண்ணையும் கொடுத்தால் ஆசிரியர் வந்துவிடுவார். பெரும்பாலான எஞ்சின்கள் கீ முதன்முதலாகக் கேட்கப்படும்போது மரத்தை ஒருமுறை சுற்றி அடைவைக் கட்டிவிடுகின்றன. அதன்பிறகு ஒவ்வொரு கேள்விக்கும் ஏறக்குறைய ஒரே ஒரு படிதான்.

கணக்கைப் பார்ப்போம். அடைவு கட்ட 2 லட்சம் கணுக்கள், அதுவும் ஒரே ஒருமுறை. பிறகு 20,000 கேள்விகள். மொத்தம் சுமார் 2.2 லட்சம் படிகள். 400 கோடியில் தொடங்கினோம், 10 கோடிக்கு வந்தோம், இப்போது 2.2 லட்சத்தில் நிற்கிறோம். கணினி அதே கணினி, கோப்பும் அதே கோப்பு.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அடுத்த ஆண்டு நூல்களும் ஆசிரியர்களும் இரண்டு மடங்காகிவிட்டால் கீ இல்லாத முறையில் வேலை நான்கு மடங்காகும், ஏனென்றால் இரண்டும் பெருக்கப்படுகின்றன. கீ உள்ள முறையில் வேலையும் இரண்டு மடங்குதான் ஆகும். "போன வருஷம் நன்றாகத்தானே ஓடியது" என்ற புலம்பலுக்குப் பின்னால் இந்தப் பெருக்கல்தான் பெரும்பாலும் ஒளிந்திருக்கிறது.

சில எஞ்சின்கள் இப்படிப்பட்ட தேடலைத் தாமே கண்டுபிடித்து உள்ளுக்குள் அடைவு கட்டிக்கொள்கின்றன. சாக்ஸனின் எண்டர்பிரைஸ் பதிப்பு அப்படிச் செய்யும். அதனால்தான் ஒரே ஸ்டைல்ஷீட் ஓர் எஞ்சினில் பறக்கும், இன்னொன்றில் தவழும். ஆனாலும் கீயை நாமே எழுதிவிடுவதுதான் நல்லது என்பது என் கருத்து. எந்த எஞ்சினுக்கு மாற்றினாலும் வேகம் கூடவே வரும், படிப்பவருக்கும் நோக்கம் தெளிவாகத் தெரியும்.

சுருக்கமாக: ஒரே மாதிரித் தேடல் பலமுறை நடக்கிறதா? அங்கே ஒரு கீ இருக்க வேண்டும்.

## வரிசையில் தலை எண்ணுதல்

நீண்ட வரிசை ஒன்றில் 10,000 பேர் நிற்கிறார்கள். ஒவ்வொருவரும் "நான் எத்தனையாவது ஆள்?" என்று தெரிந்துகொள்ள வேண்டும். முதல் ஆள் முதல் கடைசி ஆள் வரை ஒன்று, இரண்டு என்று சொல்லிக்கொண்டே வந்தால் 10,000 சொற்களில் முடிந்துவிடும். ஆனால் ஒவ்வொருவரும் தனக்கு முன்னால் நிற்கும் அத்தனை பேரையும் தானே எண்ணினால்? இரண்டாமவர் ஒருவரை எண்ணுவார், மூன்றாமவர் இருவரை, கடைசி ஆள் 9,999 பேரை. கூட்டினால் ஏறத்தாழ 5 கோடி.

எக்ஸ்பாத்தில் 'முந்தைய உடன்பிறப்புகள்' என்று ஒரு திசை உண்டு. வரிசை எண் போட வேண்டும் என்றால் முந்தைய உடன்பிறப்புகளை எண்ணி ஒன்றைக் கூட்டிவிடலாம் என்று தோன்றும். விடை சரியாகத்தான் வரும். 100 வரிகள் உள்ள சோதனைக் கோப்பில் எந்தத் தாமதமும் தெரியாது. உண்மைக் கோப்பு வந்ததும் நிலைமை மாறிவிடும். கோப்பு பத்து மடங்கு பெரிதானால் வேலை நூறு மடங்காகிறது. 'பொசிஷன்' என்ற ஃபங்க்ஷன் இருக்கும்போது இந்தச் செலவே தேவையில்லை. வரிசையாக நடந்து வரும் எஞ்சினுக்கு அந்த எண் ஏற்கனவே தெரியும்.

இதே கதைதான் குழு பிரிக்கும்போதும். நூல்களை ஆண்டு வாரியாகப் பிரிக்க, "இந்த ஆண்டு எனக்கு முன்னால் யாரிடமாவது வந்திருக்கிறதா?" என்று ஒவ்வொரு நூலும் பின்னால் திரும்பிப் பார்த்தால் அதே 5 கோடி வகைக் கணக்கு. முதல் பதிப்பில் குழு பிரிக்கத் தனி வசதி இல்லாததால் பலரும் இப்படித்தான் எழுதினார்கள். கீயைக் கொண்டே இதைச் செய்யும் தந்திரம் ஸ்டீவ் மூன்ச் என்பவரின் பெயரால் 'மூன்ச்சியன் முறை' என்று வழங்குகிறது. இரண்டாம் பதிப்பில் 'ஃபார்-ஈச்-குரூப்' வந்த பிறகு அந்தத் தந்திரமும் தேவைப்படவில்லை. இரண்டாம் பதிப்பு உங்கள் எஞ்சினில் இருந்தால் தயங்காமல் அதற்கு மாறுங்கள்.

## வேகத்தோடு தொடர்பு இல்லாதவை

"ஃபார்-ஈச் வேகமானது, டெம்ப்ளேட்டுகளை அழைப்பது மெதுவு" என்று ஒரு பேச்சு நெடுநாளாகச் சுற்றுகிறது. கணுக்களை ஒவ்வொன்றாக எடுத்து அங்கேயே வேலை செய்யும் கட்டளைதான் ஃபார்-ஈச். இதை நம்பி, அழகாகப் பிரித்து எழுதிய விதிகளை எல்லாம் ஒரே நீளமான டெம்ப்ளேட்டுக்குள் திணித்துவிடுகிறார்கள். நல்ல எஞ்சின்கள் கணுவின் பெயரைக் கொண்டு பொருத்தமான விதியைச் சட்டென்று எடுத்துவிடும். விதிகள் 10 இருந்தாலும் 200 இருந்தாலும் கவலை இல்லை. குறிப்புரைகளை நீக்குவது, பெயர்களைச் சுருக்குவது எல்லாம் கம்பைல் கட்டத்தோடு முடிந்து போகும் விஷயங்கள், அங்கேயும் துளி அளவுதான்.

வேரியபிள் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நுட்பம் இருக்கிறது. ஒரு வேரியபிளுக்கு மதிப்பை 'செலக்ட்' பண்பில் கொடுத்தால் அது இருக்கும் கணுவைச் சுட்டிக்காட்டும், அவ்வளவுதான். அதையே டேக்கின் உடலுக்குள் எழுதினால் எஞ்சின் ஒரு புதிய சின்ன மரத்தைக் கட்டி அதற்குள் நகல் எடுத்து வைக்கும். பார்க்க இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். ஆயிரக்கணக்கான முறை ஓடும் இடத்தில் வித்தியாசம் தெரியும்.

## மரம் நினைவகத்துக்குள் அடங்காதபோது

மேலே சொன்ன எல்லாம் நேரத்தைப் பற்றியவை. நினைவகம் வேறு கதை. ஒரு கணுவை மரத்தில் வைக்க அதன் எழுத்துகள் மட்டும் போதாது. பெற்றோர் யார், முதல் பிள்ளை யார், அடுத்த உடன்பிறப்பு யார் என்ற இணைப்புகளையும் சேர்த்து வைக்க வேண்டும். அதனால் மரம் மூலக் கோப்பைப் போலப் பல மடங்கு இடம் பிடிக்கலாம். படிக்க வசதியாக டேக்குகளுக்கு நடுவே விட்ட வெற்றிடங்கள்கூடக் கணுக்களாக வந்து உட்காரும். 'ஸ்ட்ரிப்-ஸ்பேஸ்' என்ற அறிவிப்பைச் சேர்த்தால் அவை போய்விடும்.

அதற்கும் அடங்காத கோப்பு என்றால் மூன்றாம் பதிப்பின் 'ஸ்ட்ரீமிங்' உதவும். ஒரு நீண்ட கதையை முழுப் புத்தகமாக விரித்து வைத்துப் படிப்பது ஒரு வகை, யாரோ வாசிக்கக் காதால் கேட்பது இன்னொரு வகை. ஸ்ட்ரீமிங் இரண்டாவது வகை. மரம் முழுதாகக் கட்டப்படுவதில்லை, தகவல் கண் முன்னால் ஓடிக்கொண்டே போகிறது. அதனால் "முதல் அத்தியாயத்தில் என்ன இருந்தது?" என்று திரும்பிப் பார்க்க முடியாது, தேவையானதை அப்போதே குறித்துக்கொள்ள வேண்டும். இது எல்லா எஞ்சின்களிலும் இல்லை, எழுதுவதும் எளிதல்ல. ஒன்றோடொன்று தொடர்பில்லாத பதிவுகள் மட்டுமே இருக்கும் கோப்பு என்றால், அதைச் சிறு துண்டுகளாக வெட்டி ஒவ்வொன்றாக ஓட்டிவிடுவதே பல நேரம் போதும். ஸ்ட்ரீமிங்குக்குப் போகும் முன் அதை முயன்று பாருங்கள்.

## எங்கே தொட வேண்டும் என்று எப்படித் தெரியும்?

ஊகித்துத் திருத்தாதீர்கள், அளந்து பாருங்கள். சாக்ஸனிலும், லிப்எக்ஸ்எஸ்எல்டியோடு வரும் கட்டளைக் கருவியிலும் எந்த டெம்ப்ளேட் எத்தனை முறை ஓடியது, எவ்வளவு நேரம் எடுத்தது என்று பட்டியலிடும் வசதி உண்டு. இதற்கு ப்ரொஃபைல் எடுத்தல் என்று பெயர். பெரும்பாலும் ஒன்றிரண்டு டெம்ப்ளேட்டுகளே பட்டியலின் மேலே நிற்கும். அவற்றைத் திறந்து இரட்டைச் சாய்கோடும் 'முந்தைய' திசைகளும் இருக்கின்றனவா என்று பார்த்தால் பாதி வேலை முடிந்தது.

கருவியே இல்லாமலும் ஒரு சோதனை செய்யலாம். கோப்பின் அளவை இரண்டு மடங்காக்கி ஓட்டுங்கள். நேரம் இரண்டு மடங்கானால் நடை ஒழுங்காக இருக்கிறது. நான்கு மடங்கானால் எங்கோ ஒரு பெருக்கல் ஒளிந்திருக்கிறது. கோப்பு வளர்ந்தும் நேரம் அசையவே இல்லை என்றால் மாற்றத்தைக் குறை சொல்லிப் பயனில்லை, கம்பைல் கட்டத்தைப் பார்க்க வேண்டும்.

இல்லாவிட்டால் வலைப்பின்னலைப் பார்க்க வேண்டும். இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். எக்ஸ்எச்டிஎம்எல் போன்ற கோப்புகளின் தலையில் 'டிடிடி' என்ற இலக்கணக் கோப்பின் வலை முகவரி இருக்கும். பல பார்சர்கள் ஒவ்வொரு முறையும் அந்த முகவரிக்குப் போய் அதை இறக்கிக்கொண்டு வரும். 2008இல் டபிள்யூ3சி தன்னிடம் இப்படி ஒரு நாளைக்கு 13 கோடி வரை கோரிக்கைகள் வருவதாக எழுதியது. பிற்பாடு தன் சர்வர்கள் இவற்றுக்கு வேண்டுமென்றே தாமதமாகப் பதில் தரும்படியும் செய்தது. ஆக, உங்கள் ஸ்டைல்ஷீட் அரை நொடியில் முடிந்து, மீதி நேரம் முழுவதும் எங்கோ தூரத்து சர்வரின் பதிலுக்காகக் காத்திருக்கலாம். அந்த நேரத்தில் கணினியின் செயலி சும்மா இருப்பதைப் பார்த்தே இதைக் கண்டுபிடித்துவிடலாம். லிப்எக்ஸ்எஸ்எல்டியின் கட்டளைக் கருவியில் 'நோநெட்' என்ற தேர்வைக் கொடுத்தால் அது வலைப்பின்னலுக்குப் போகாது. டிடிடி கட்டாயம் வேண்டும் என்றால் அதன் நகலை உங்கள் கணினியிலேயே வைத்து, 'எக்ஸ்எம்எல் கேட்டலாக்' என்ற முகவரிப் பட்டியலில் "இந்த வலை முகவரியைக் கேட்டால் இந்த நகலைக் கொடு" என்று எழுதிவிட்டால் போதும்.